உலகம்மாள் வேகம் மீறினாள்

ஜூன் 3, செவ்வாய்

பேத்தி இன்று என்னிடம் ஒரு பொருள் கேட்டாள். அப்பனிடம் கேட்கவில்லை. பி.காம். படித்த அம்மாவிடம் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட என்னிடம் கேட்டாள். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்து நின்றாள்.

“ஆச்சி, சைக்கிள்ல மாட்டுத ஜி.பி.எஸ். ஒண்ணு வேணும்.”

“அது என்னத்துக்குட்டி?”

சொன்னாள். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் எட்வின் சார் சைக்கிள் பந்தயத்துக்கு நாலு பிள்ளைகளைத் தயார் செய்கிறார். அடுத்த மாதம் திருநெல்வேலியில் தேர்வு. தேறினால் சென்னையில் ஹாஸ்டல். படிப்பும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அதுவரை தினமும் எவ்வளவு தூரம், என்ன வேகம், எந்த ரோடு என்று பதிவு செய்து அவருக்கு அனுப்ப வேண்டுமாம். மற்ற மூன்று பேரும் பையன்கள். செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். இவளுக்கு ஏது செல்போன்?

“இந்த வருசம் விட்டா வயசு தாண்டிரும் ஆச்சி.”

“என்ன மாதிரி வேணும்னு சொல்லு.”

“ஜி.பி.எஸ். இருக்கணும். சின்னதா இருக்கணும். சாரல்ல நனைஞ்சாலும் கெடக் கூடாது. சார்ஜ் நிக்கணும். வெல கூடுனதெல்லாம் வேண்டாம், இருக்கதுல கொறைஞ்சது போதும். அம்மா செல்லுல படம் காட்டுதேன், வா.”

“படம் எதுக்கு? சொன்னது வெளங்கிட்டு.”

என் மகன் குற்றாலிங்கம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். இருட்டோடு போனால் வெயில் ஏறித்தான் வீட்டுக்கு வருவான். பள்ளிக்கூடம், டியூசன், வீடு. இதைத் தாண்டி மகளின் சைக்கிள் உருளக் கூடாது என்பது அவன் உத்தரவு. அவன் போன பிறகு கேட்டைத் திறந்துவிடுவது நான். தெரு முக்கில் எட்வின் சார் பைக்கோடு நிற்பார். நாலுவழிச் சாலையில் ஆலங்குளம் தாண்டிப் போய்விட்டு, மருமகள் ஜெயராணி காபி போடுவதற்குள் திரும்பிவிடுவாள். ஜெயராணி கேட்டால் காலை டியூசன் என்பேன். அந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு நான்தான் கேட், நான்தான் சாவி.

பேத்திக்கு என் பெயர்தான். உலகம்மாள். மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஜெயராணி அவளைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் முழுப் பெயரையும் சொல்லித் திட்டுவாள். யாரைத் திட்டுகிறாள் என்று எனக்குத் தெரியாதா?

ஜூன் 5, வியாழன்

பஸ் ஏறித் தென்காசிக்குப் போய் சைக்கிள் கடையில் விசாரித்தேன். சக்கரத்தில் ஒரு காந்தம், கைப்பிடியில் ஒரு சின்னக் கடிகாரம், நடுவில் ஒயர். வேகம் காட்டுகிறது.

“இதுல ஜி.பி.எஸ். உண்டுமா?”

“கிடையாதும்மா. சக்கரம் சுத்துறத எண்ணும், அவ்வளவுதான்.”

“அப்ப வேண்டாம்.”

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜி.பி.எஸ். என்ற சொல் என் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அப்புறம் மரியாதையாகப் பேசினார். கைப்பிடியில் மாட்டுகிற ஜி.பி.எஸ். இருக்கிறது, ஆனால் வரவழைக்க வேண்டும் என்று செல்லில் காட்டினார். வெளிநாட்டுச் சாமான். அந்த விலைக்கு ஒரு கறவை மாடு பிடிக்கலாம். விலை குறைந்தது சீனாவிலிருந்து வரும். வருகிற நாள் சொல்ல முடியாது, கெட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. கெட்டுப்போனால் போய்ச் சண்டை போட ஒரு ஆள் வேண்டாமா? ஆள் முகம் தெரியாத கடையில் நான் எதையும் வாங்கினதில்லை.

திரும்பி வரும்போது மழை. குடையைக் காற்று பிடுங்கியது.

ஜூன் 6, வெள்ளி

பக்கத்து வீட்டுச் சொர்ணக்கிளியின் தம்பி துபாயிலிருந்து வந்திருக்கிறான். அவன் கைக்கடிகாரத்தில் ஜி.பி.எஸ். இருக்கிறதாம். நடந்தால் எண்ணுகிறது, தூங்கினால் எண்ணுகிறது. தினம் சார்ஜ் போட வேண்டும் என்றான். சார்ஜ் நிற்க வேண்டும் என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். கழித்துவிட்டேன்.

நெல்லிக்காய் ஊறுகாயில் பூஞ்சை. ஜெயராணி ஈரக் கரண்டி போட்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

வாங்கிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜமால் கடை. செல்போன் விற்கிறார், லோடு வண்டிகளுக்கு ஜி.பி.எஸ்.ஸும் மாட்டித் தருகிறார். தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தார்.

“தண்ணி பட்டா?”

“ஆத்துக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆவாது ஆச்சி.”

“சார்ஜ்?”

“ஒரு தடவ போட்டா வாரக் கணக்குல நிக்கும்.”

“ஜி.பி.எஸ். உண்டும்லா?”

“அதே ஜி.பி.எஸ்.தான ஆச்சி!”

நாலுக்கு நாலும் சரி. விலையும் என் சீட்டுப் பணத்துக்குள் அடங்கியது. இதற்குத்தான் அந்தத் தென்காசிக்காரர் மாட்டு விலை சொன்னார்.

“எந்த வண்டிக்கு ஆச்சி?”

“சைக்கிளுக்கு.”

“களவு பயமோ? இப்ப சைக்கிளத்தான் முதல்ல தூக்குதானுவ.”

“ஆமா” என்றேன். நம் வீட்டுக் காரியத்தைக் கடைக்காரனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

பேர் கேட்டார், சொன்னேன். செல் நம்பர் கேட்டார். இப்போது புளி வாங்கினால்கூட பில்லுக்கு நம்பர் கேட்கிறார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பரை மடமடவென்று சொன்னேன். “ஞாபக சக்தி பாரேன்!” என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

அதில் திரை இல்லை. நல்லதுதான். திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் குழியில் விழ வேண்டியதுதான்.

ஜூன் 10, செவ்வாய்

கொடுத்தேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

“ஆச்சி, இதுல எங்க பாக்கணும்?”

“என்னத்தப் பாக்கணும்? நீ ரோட்டப் பாரு. அது ஓட்டத்தப் பாத்துக்கிடும்.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

“நல்லாருக்கு ஆச்சி. சார்ட்ட காட்டுதேன். அவுகளுக்குத் தெரியும் எப்படின்னு.”

“நாலு கட ஏறி எறங்கி வாங்கிருக்கேன்.”

“தெரியும் ஆச்சி.” சொல்லிவிட்டு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். சீட்டுக்கு அடியில் மாட்டினாள். பச்சை வெளிச்சம் மினுக்கியது.

ஜூன் 11, புதன்

காற்று அதிகம். துணி காயவில்லை. பிள்ளை தெரு முக்கு வரை போய்த் திரும்பிவிட்டாள். எட்வின் சார் இன்று வரவில்லையாம், நாளைக்குத்தான் காட்ட வேண்டும் என்றாள்.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடியும் நேரம். பிள்ளை போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஜெயராணியின் செல் அடித்தது. தூக்கக் கலக்கத்தோடு எடுத்தாள்.

“அத்தையா? இந்தா அடுப்படிலதான் நிக்காவ... என்னது? எங்க?... ஏங்க, நல்ல நெனவோடதான் பேசுதீகளா?”

என்னைப் பார்த்தாள். “அத்த, நீங்க நாப்பத்தி ரெண்டு கிலோமீட்டர் வேகத்துல ஆலங்குளம் பக்கம் போய்க்கிட்டு இருக்கீகளாம். அவுக செல்லுக்குச் சேதி வந்துருக்காம்.”

மேற்கிலிருந்து அடிக்கிற காற்று போகும்போது முதுகில் தள்ளும். நாற்பத்திரண்டு வந்திருக்கும். நல்ல வேகம்தான்.

சந்தையில் ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். குற்றாலிங்கம் செல்லில் ‘உலகம்மாள் வேகம் மீறினாள்’ என்று வந்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். “அண்ணாச்சி, ஒங்கம்மாவுக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா?” என்று ஒருவர். “வெண்டைக்கா லோடா ஏத்திக்கிட்டுப் போறாவ?” என்று இன்னொருவர். இதெல்லாம் அப்புறம் சொர்ணக்கிளியின் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தது. அவரும் அங்கேதான் வெங்காயக் கடை. சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகுதான், அந்தப் பெயரில் வீட்டில் இரண்டு பேர் இருப்பது மகனுக்கு உறைத்திருக்கிறது. சேதியோடு வந்த வரைபடத்தில் புள்ளி போகிற வழியைப் பார்த்துக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டீக்கடையில் வைத்துப் பிடித்தான். சாரும் பையன்களும் டீ குடித்துக்கொண்டிருக்க, இவள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாளாம். தெரிந்த லோடு வண்டியில் சைக்கிளைத் தூக்கிப் போட்டு, இவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

முற்றத்தில் நிறுத்தி வைத்துக் கத்தினான். “நாலுவழிச் சாலைல எவன் முழிச்சிக்கிட்டு ஓட்டுதான்? எனக்குத் தெரியாதா? ராவெல்லாம் ஓட்டிட்டு என் கடைக்கு வாரவந்தான் அம்புட்டு பேரும்! ஸ்டீயரிங்க புடிச்சிக்கிட்டே ஒறங்குதான். ஒன்ன அடிச்சா அடிச்சதுகூடத் தெரியாம வந்து எங்கிட்ட தக்காளி எறக்குவான்!”

பைக் சாவி அவன் கையிலிருந்து இரண்டு தடவை விழுந்தது. கோபத்தில் என்றுதான் நினைக்கிறேன்.

சொர்ணக்கிளி சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“ஆச்சி, ஒனக்குத் தெரியாமத்தான அப்பா நம்பரக் கொடுத்த? சொல்லு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயராணி முந்திக்கொண்டாள். “அத்தைக்கு இங்கிலீசு என்னத்தத் தெரியும் பாவம்? கடைக்காரன் எதையோ தலைல கட்டிருப்பான். விடுங்க.”

பாவம் என்றாள். சொர்ணக்கிளி கேட்க, பாவம் என்றாள்.

“எனக்கா தெரியாது?” என்றேன். “நாலு கட ஏறி எறங்கி, இது வேணும்னு கேட்டு வாங்கினேன். ஒன் நம்பரத் தெரிஞ்சுதான் கொடுத்தேன். பொட்டப் புள்ள எங்க போறா, எங்க வாராங்கது வீட்ல ஒரு ஆளுக்காச்சும் தெரிய வேண்டாமா?”

குற்றாலிங்கம் அப்படியே அடங்கிவிட்டான். என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டான். “எம்மா” என்றான். “ஒனக்கு இருக்க புத்தி இந்த வீட்ல ஒருத்தருக்கும் இல்லம்மா.”

அவன் அப்பா செத்த வீட்டில்கூட என் தோளை அவன் தொடவில்லை. தொட்ட இடம் இன்னும் சூடாக இருக்கிறது.

பிள்ளை உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

மகன் எனக்கென்று சந்தையிலிருந்து பிஞ்சு அவரைக்காய் கொண்டுவந்தான். சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரச் சொன்னான். வெளியூர் மண்டியில் ஒரு பங்கு வருகிறது, சேரலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

சைக்கிளைப் பிடுங்கவில்லை. பள்ளிக்கூடம், டியூசன், வீடு. அந்தக் கறுப்புச் சாமானைக் கழற்றக் கூடாது. கழற்றினால் அவனுக்குச் சேதி வரும்.

ஜூன் 15, ஞாயிறு

எட்வின் சார் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணாச்சி, ஜூலை ஆறாந் தேதி தேர்வு. வர்றதுலயே நல்லா ஓட்டுறது உங்க பிள்ளைதான். எதிர்காத்துல பையன்களே அவ பின்னால ஒளிஞ்சுக்கிட்டுத்தான் வர்றானுவ. இந்த ஒரு தடவ விடுங்க. நானே கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன்.”

“எம்மவள ரோட்ல பழக்குனதுக்கு ஒம்ம மேல கேஸ் கொடுக்காம இருக்கேன்லா? அதோட போய்ச் சேரும்.”

சார் என் பக்கம் திரும்பினார். “ஆச்சி, நீங்களாவது சொல்லுங்க.”

அவருக்குத் தெரியும். முக்கில் நின்று, நான் கேட்டைத் திறப்பதை எத்தனை விடியலில் பார்த்திருக்கிறார். சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

“அப்பன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றேன்.

நல்ல மனுஷன்தான். செருப்பைப் போட மறந்து வெயிலில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 18, புதன்

தெருவில் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள்.

சொர்ணக்கிளியின் மகள் ஸ்கூட்டியில் தென்காசிக்கு வேலைக்குப் போகிறாள். “மைனி, எதை வாங்கலாம்? வெல கொறச்சலா, நல்லதா ஒண்ணு சொல்லுங்க” என்று சொர்ணக்கிளி வந்தாள். காந்தம் வைத்தது, கடிகாரம், சீனாக்காரன் சாமான், எல்லாவற்றிலும் உள்ள குறையை எடுத்துச் சொன்னேன். ஜமால் கடைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் எனக்கு ஸ்டூல் போட்டு, பால் வரவழைத்துக் கொடுத்தார். மேலத் தெருவிலிருந்தும் இரண்டு பேர் கேட்டு வந்தார்கள்.

சாயங்காலம் சொர்ணக்கிளியின் மகள் ஸ்கூட்டியில் வந்தவள் எங்கள் வாசலுக்கு நேராக நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டுக் காறித் துப்பினாள். வண்டியில் வருகிறவர்களுக்கு வாயில் பூச்சி விழும்.

ஜூன் 20, வெள்ளி

வெளியூர் மண்டிப் பங்கு வேண்டாம் என்று மகனிடம் சொன்னேன். சரி என்று விட்டுவிட்டான். ஒரே வார்த்தையில்.

ஜூன் 24, செவ்வாய்

பிள்ளை பேசுவதில்லை. சண்டையும் இல்லை. கேட்டதற்குப் பதில் வருகிறது. சோறு வேண்டுமா என்றால் வேண்டும்; போதுமா என்றால் போதும்.

என் கண்ணில் சாயங்காலம் மருந்து விடுவது அவள்தான். அறுவை செய்த நாளிலிருந்து வேறு யார் கையும் எனக்குச் சரிப்படுவதில்லை. முன்பெல்லாம் தாடையைப் பிடித்துக்கொண்டு, “முழி ஆச்சி, நல்லா முழி, ஒங்கண்ணுக்குள்ள ஒரு மாப்பிள்ள தெரியுதான்” என்று சிரிக்க வைப்பாள். இப்போதும் வந்து விடுகிறாள். சொட்டு சரியாகத்தான் விழுகிறது.

ஜெயராணி சொல்கிறாள்: “பாப்பா இப்பத்தான் அடங்கி ஒடுங்கி இருக்கா.” சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறாள். என் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை.

ஜூன் 28, சனி

இரண்டு நாளாக விடாத சாரல். வெங்காய வடகம் பிழிந்தது தப்பு. எல்லாம் நொதித்துவிட்டது. கோழிக்குப் போட்டேன்.

ஜூலை 2, புதன்

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டியூசனில் சிறப்பு வகுப்பு உண்டு. சந்தையும் உண்டு, குற்றாலிங்கம் இருக்க மாட்டான். கறுப்புச் சாமானைக் கழற்றினால்தானே சேதி போகும்? கழற்ற வேண்டாம். அந்த சீட்டையே உருவிப் பையில் போட்டுக்கொண்டு நான் டியூசன் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். புள்ளி அங்கே நிற்கும். பிள்ளை வேறு சைக்கிளில் திருநெல்வேலி போய்த் தேர்வை முடித்துவிட்டு வரட்டும். சாரிடம் வேறு சைக்கிள் இருக்காதா?

ஐந்தாம் வகுப்பு மூளைதான் இது.

ஜூலை 5, சனி

மத்தியானம் கொஞ்சம் வெயில் அடித்தது. பிள்ளை மாடியில் தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். சிரிக்கவில்லை.

“அப்பா கையெழுத்து வேணும் ஆச்சி.”

“எதுக்கு?”

“எனக்கு இன்னும் பதினெட்டு ஆகல. அப்பா கையெழுத்துப் போடாம அங்க நிக்கவே விடமாட்டாங்க. அம்மாவக் கேட்டேன். அப்பாவுக்குத் தெரியாம அவ போடமாட்டா.”

“அப்ப என்ன செய்ய?”

“நீ அப்பாட்ட சொல்லு. அத எனக்காகத்தான் வாங்கினேன்னு சொல்லு. தெனமும் கேட்டத் தொறந்துவிட்டது நீதான்னு சொல்லு. அப்பா இப்ப ஒம்பேச்சத்தான கேக்காவ? மண்டிப் பங்கையே நீ வேண்டாம்னதும் விட்டுட்டாவ.”

ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் முதுகு நனைந்திருந்தது. துண்டை எடுத்துத் துவட்டிவிட்டேன். தடுக்கவில்லை. அதனால் எனக்குச் சொல்ல வந்தது.

“அந்த நம்பர நான் தெரிஞ்சு கொடுக்கலட்டி. பில்லுக்குன்னு நெனச்சேன்.”

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றிருந்தேன். சொல்லிவிட்டேன். பெரிய விஷயம் அது. அவள் அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

“தெரியும்” என்றாள்.

“என்னது?”

“அப்பா கத்தின அன்னைக்கே தெரியும் ஆச்சி. கேஸ் சிலிண்டருக்கு, ரேசனுக்கு, கண்ணாசுபத்திரிக்கு எல்லாத்துக்கும் நீ அப்பா நம்பரத்தான கொடுப்ப? ஒனக்கு வேற நம்பரே தெரியாதுல்லா? அது பந்தயச் சைக்கிளுக்கு உள்ளது இல்லைன்னும் பாத்ததுமே தெரியும். நீ அலைஞ்சு வாங்கிட்டு வந்தியேன்னுதான் மாட்டினேன்.”

துவட்டுவதை நிறுத்தினேன். “தெரிஞ்சு வச்சிக்கிட்டா எல்லார் முன்னாலயும் என்னக் கேட்ட?”

“நீ ஆமான்னு சொல்லுவேன்னு கேட்டேன். நீ ஆமான்னுருந்தா, ஆச்சியும் எங்கூடத்தான்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அம்மாகூட ஒனக்காகத்தான் எடுத்துக் கொடுத்தா. நான் தனியா நின்னேன் ஆச்சி.” முடியை முறுக்கிப் பிழிந்தாள். “இத எங்கிட்ட சொல்லி என்ன? அப்பாட்ட சொல்லு. இன்னைக்கு ராத்திரி வரைக்கும் நேரம் இருக்கு. சார் கையெழுத்துப் பாரத்த வச்சிக்கிட்டுக் காத்திருக்காவ.”

துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கீழே போனாள்.

மகன் சாப்பிட உட்கார்ந்தான். நானே பரிமாறுகிறேன் என்றேன். ஜெயராணி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். எப்போதும் அப்படி நிற்க மாட்டாள். உள் அறையில் விளக்கு எரிந்தது. கதவு பாதி திறந்திருந்தது. புத்தகம் திருப்புகிற சத்தம்கூட இல்லை.

“எய்யா” என்றேன்.

“என்னம்மா?”

“நாளைக்கு அந்தப் புள்ளைக்கு...”

அவன் தலையை நிமிர்த்தினான். “நானே சொல்லணும்னு இருந்தேம்மா. சந்தைல இன்னைக்கு நாலு பேர் கேட்டாவ, எப்படி அண்ணாச்சி ஒமக்கு முன்னாலேயே தோணிச்சின்னு. எங்கம்மைக்குத் தோணிச்சின்னேன். அஞ்சாங் கிளாசு படிச்சவ, நம்ம படிச்ச ஆளுகள்லாம் அவ கால்ல விழணும்னேன்.”

ஜெயராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத் தலையை அசைத்தாள், சொல்லுங்க என்பதுபோல. அவள் அசைத்தது அப்படித்தானா என்று தெரியாது. என்னை இளக்காரம் செய்ததாகவும் இருக்கலாம்.

“நாளைக்கு அந்தப் புள்ளைக்கு என்னம்மா?”

“டியூசன் இருக்காம்” என்றேன். “ரசம் ஊத்தட்டுமா?”

ஊற்றினேன். உள் அறையில் விளக்கு அணைந்தது.

ஜூலை 6, ஞாயிறு

சாரல் இல்லை. காற்றும் இல்லை. மலை பக்கத்தில் வந்து நிற்பதுபோல் தெளிவாகத் தெரிந்தது. சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

மகன் இன்று சந்தைக்குப் போகவில்லை. கணக்குப்பிள்ளையை அனுப்பிவிட்டான். எதையாவது மோப்பம் பிடித்தானா, இல்லை அவனுக்கும் மனசு சரியில்லையா, தெரியவில்லை. பிள்ளை பையை மாட்டிக்கொண்டு டியூசனுக்குக் கிளம்பினாள். கேட்டை அவளே திறந்துகொண்டாள்.

“இங்க வாம்மா, பாரு” என்று மகன் கூப்பிட்டான். செல்லைக் காட்டினான். இத்தனை நாளும் நான் அதைப் பார்த்ததில்லை. நம் தெரு, கோவில், பள்ளிக்கூடம் எல்லாம் கோடு கோடாக இருக்கிறது. அதில் ஒரு நீலப் புள்ளி, எறும்பு மாதிரி. அதற்கு மேலே என் பெயர்.

“நீ வாங்கிக் கொடுத்ததுதான். எப்படிப் போறா பாரு.”

புள்ளி தெருவைத் தாண்டியது. ரேஷன் கடையைத் தாண்டியது. நாலுவழிச் சாலை வந்து சேருகிற இடத்தில் நின்றுவிட்டது. இடப்பக்கம் திரும்பினால் டியூசன். நேரே போனால் ஆலங்குளம், திருநெல்வேலி.

“ஏன் நிக்கா?” என்றான்.



“செயின் கழண்டிருக்குமோ?”

புள்ளி அசையவே இல்லை. ஜெயராணியும் வந்து பின்னால் நின்றாள். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். போயிரு, போயிரு என்று எனக்குள் ஓடியது. கையெழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தேர்வு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நேரே போய்விடு. நாற்பத்திரண்டில் போ. ஐம்பதில் போ. இவன் செல் கத்தட்டும்.

வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. மகனின் கை என் தோள்மேல் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் புள்ளி நகர்ந்தது. இடப்பக்கம் திரும்பி, மெல்ல மெல்லப் போய், டியூசன் வாசலில் நின்றது.

ஜெயராணி உள்ளே போனாள்.

“நல்ல புள்ள” என்றான் குற்றாலிங்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டான். “சொன்ன சொல்லக் கேக்கா. ஒன்ன மாதிரியேம்மா.”